இல்லாத சுறாவின் நீளம்

வெண்ணெய் தடவிய ரொட்டியைக் குறுக்காக வெட்டிக்கொண்டிருந்த ப்ரான்வினைப் பின்னாலிருந்து வந்து கட்டிக்கொண்டாள் நோயலின். கத்தி நழுவித் தட்டில் விழுந்தது.

"உங்கப்பா இல்லேன்னா இந்த ரொட்டிய இன்னிக்கு என் சாவுக்கு வெட்டியிருப்பீங்க, கண்ணு."

இதோடு நான்காவது முறை சொல்லிவிட்டாள். ஒவ்வொரு முறையும் அழுதுகொண்டேதான் சொன்னாள், பாவம்.

டெஸ்ஸை அடக்கம் செய்துவிட்டு மில்லர்ஸ் கோவ் ஊரே நேராகக் கடற்கரை உயிர்காப்புச் சங்கத்தின் கூடத்துக்கு வந்திருந்தது. தேநீர் ஒரு மேசையில், பீர் ஒரு மேசையில். இரண்டிலும் ஒரே பேச்சுதான். சுறா வந்தது. டெஸ்ஸின் மகள் ப்ரான்வின் ட்ரோனில் பார்த்துவிட்டு சைரன் அடித்தாள். எல்லோரும் கரைக்கு ஓட, எழுபத்தாறு வயது டெஸ் மட்டும் திரும்பிப் போய், பயத்தில் விறைத்துப்போன நோயலினை இழுத்துக்கொண்டு வந்தார். கரையேறியதும் இதயம் நின்றுவிட்டது. கேட்டவர் கண்ணெல்லாம் கலங்கியது. ஒரே ஒரு குறை, அந்தக் கதையில் சுறா கிடையாது.

அது ப்ரான்வினுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பாவின் இதயத்தைப் பார்த்த டாக்டர் ஆறு வாரம் கடல் பக்கமே போகக் கூடாது என்றிருந்தார். மூன்றாவது வாரம், காலை ஏழு மணிக்கு, வழக்கம்போல் சுறா நடமாட்டம் பார்க்க ட்ரோனை ஏற்றினாள் ப்ரான்வின். திரையில் அப்பாவின் ஆரஞ்சுத் தொப்பி மஞ்சள் மிதவையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ட்ரோனைத் தாழ இறக்கி ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள்.

"அப்பா, போதும். திரும்பி வா."

அவர் ட்ரோனைக் கொசு என்றுதான் சொல்வார். 'மூணு வருஷமா பறக்குது உன் கொசு, இன்னும் ஒரு மீனக்கூடக் கடிக்கலயே' என்று சாப்பாட்டு மேசையில் வம்புக்கு இழுப்பார். அன்றும் கொசுவை ஓட்டுகிற மாதிரி கையை வீசிவிட்டு இன்னும் உள்ளே போனார். ப்ரான்வினுக்குக் கோபம் தலைக்கேறியது. சைரன் அடித்தால் யாராக இருந்தாலும் கரையேற வேண்டும். அப்பா மீறாத விதி அது ஒன்றுதான். திரையில் மணலும் தெளிந்த தண்ணீரும் தவிர வேறொன்றும் இல்லை. பட்டனை அழுத்தினாள்.

அப்பா திரும்பத்தான் செய்தார். ஆனால் கரைப் பக்கம் இல்லை. அவருக்குப் பின்னால், இன்னும் ஆழத்தில், நோயலின் கத்திக்கொண்டிருந்தாள்.

அவளை இழுத்துவந்து மணலில் உட்கார்ந்ததும், "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார். வந்துவிட்டார்கள் என்று இவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

சங்கத் தலைவர் ட்ரோன் எடுத்த படத்தைக் கேட்டபோது, பதிவாகவில்லை என்றாள். இல்லாத சுறாவுக்காகக் கடற்கரையை இரண்டு நாள் மூடிவைத்தார்கள். அப்பாவைக் கொன்றது நான்தான் என்று அவள் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருந்தாள். இன்று அம்மாவிடம் சொல்லியே தீருவது. இன்று விட்டால் அப்புறம் எப்போதும் வாய் வராது.

லோர்னா ஜன்னலோர நாற்காலியில் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கடிக்காத ரொட்டி.

"அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்குக் காலைல நான்..."

"இரு. நான் சொல்லி முடிச்சுடறேன், இல்லேன்னா நெஞ்சுலயே கிடக்கும்." லோர்னா குரலைத் தாழ்த்தினாள். "போன் வந்தப்ப எனக்கு அழுகையே வரல, ப்ரான். ஆத்திரம்தான் வந்துச்சு. கடலுக்குப் போகமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, பேப்பர் வாங்கப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போன மனுஷன். அந்தப் பிடிவாதத்துலயே செத்தாரேன்னு கொதிச்சேன். மன்னிக்கவே போறதில்லன்னு இருந்தேன். நாப்பத்தெட்டு வருஷம் கூட இருந்த ஆள."

"அம்மா..."

"அப்புறம் நோயலின் வந்து என் மடியில விழுந்து அழுதா. சுறாவுக்கு முன்னாடி போய் நின்னாராம். அவர் அன்னிக்கு அங்க இருக்க வேண்டியிருந்திருக்குன்னு தோணிச்சு. அன்னிக்குத்தான் தூங்கினேன்." அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீதானே பாத்த. எவ்ளோ பெரிசு அது?"

ப்ரான்வின் வாயைத் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் பிடியிலிருந்து கையை விடுவித்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், போதவில்லை.

"இன்னும் பெரிசா?"

அவள் நாற்காலியின் கால் பக்கத்திலிருந்து அடியெடுத்து வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சற்றுத் தயங்கி இன்னொன்று. திரும்பி நின்றாள். கூடத்தில் பேச்சு அடங்கியிருந்தது.

"அவ்ளோவா?" என்றாள் லோர்னா.

"ஆமாம்மா."

லோர்னா தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, மெல்லத் தலையாட்டி, ரொட்டியை எடுத்து ஒரு வாய் கடித்தாள். தட்டும் கோப்பையுமாக வந்தவர்கள் தாய்க்கும் மகளுக்கும் நடுவே இருந்த வெறும் தரையை மிதிக்காமல், சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.