அக்டோபரில் பாய்லர் போடாத வீடு

ஜோயல் வாங்கவிருந்த வீட்டின் சர்வே அறிக்கை அறுபத்து நான்கு பக்கம் இருந்தது. அதை எழுதியவர் அந்த வீட்டில் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறார். ஒரு ஸ்விட்சைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. ‘வயரிங் சோதிக்கப்படவில்லை, சான்றிதழ் காட்டப்படவில்லை, ஆகவே சிவப்பு’ என்று நாற்பத்தோராம் பக்கத்தில் எழுதியிருந்தார். ‘வீட்டைச் சூடாக்கும் பாய்லரும் ரேடியேட்டர்களும் ஆய்வின்போது அணைக்கப்பட்டிருந்தன, ஆகவே சிவப்பு’ என்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவுக் கைப்பிடியின் முழுப்பக்கப் புகைப்படம். கைப்பிடிக்குப் பச்சை.

ஜோயல் மூன்று தடவை படித்துவிட்டு மனைவி ரூத்திடம் நீட்டினான்.

“இதுக்கா எழுநூறு பவுண்டு குடுத்த?” என்றாள் ரூத். “எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல அறுபத்துநாலு பக்கமா? எங்க அண்ணன் ஓசியிலயே சொல்வானே.”

“சிவப்பு போட்டிருக்காரு ரூத்.”

“நாளைக்கு யாரும் தன்மேல கேஸ் போடக் கூடாதுன்னு போட்டிருக்காரு. நீ பயந்து சாகணும்னு இல்ல.”

ஆனால் வங்கிக்கு சிவப்பு என்றால் சிவப்புதான். வயரிங்கையும் பாய்லரையும் தகுதியுள்ள ஆட்கள் சோதித்துச் சான்று தந்தால் மட்டுமே கடன் என்று கடிதம் வந்தது. கடன் உறுதி அக்டோபர் 31 வரைதான் செல்லும். அதற்குப் பிறகு புதிய வட்டி. மாதம் இருநூற்றுப் பத்து பவுண்டு கூடுதல். அது அவர்களால் முடியாது. ஏற்கெனவே இரண்டு வீடுகள் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருந்தன. இதுவும் போனால், கீத்லியில் மீன் வறுக்கும் கடைக்கு மேலே இருந்த அந்த ஓரறை வாடகை வீட்டில்தான் இன்னும் சில வருடம். அந்த வீட்டில் அவர்களுடைய கல்யாணச் சட்டை உட்பட எல்லாத் துணியும் ஒரே வாசனை அடித்தது.

வீடு கைமாறும்வரை வாங்குபவரும் விற்பவரும் நேரில் பேசிக்கொள்வது ஏறத்தாழ ஒழுக்கக்கேடு. ஆகவே ஜோயல் சொல்வதைத் தரகர் ஜெம்மா கேட்டு, விற்பவர் ஓல்ட்ராய்டிடம் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்டு, அதில் கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு ஜோயலிடம் சொல்வாள். ஒரு கேள்விக்கு நான்கு நாள். இத்தனைக்கும் இரண்டு வீட்டுக்கும் நடுவே நடை தூரம் பதினோரு நிமிடம்.

வயரிங் விஷயம் இப்படியே ஒப்பேறிவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து ஒரு முழுக் காலை நேரம் சுவரைச் சோதித்தார். வயர்கள் நன்றாக இருந்தன. ஃபியூஸ் பெட்டி மட்டும் எழுபதுகளில் மாட்டியது. மாற்ற எண்ணூறு பவுண்டு. பாதி நீ, பாதி நான் என்று ஜெம்மா வழியாகப் பேசி முடிந்தது. ஒரு சிவப்பு போயிற்று.

இருபதாம் தேதி ஜெம்மா போன் செய்தாள். குரலில் சிரிப்பை அடக்கும் மூச்சுத்திணறல்.

“ஜோயல், உட்கார்ந்திருக்கீங்களா? பாய்லர் டெஸ்ட்டுக்கு அவர் ஒத்துக்கமாட்டேங்கறாரு.”

“ஏன்? பாய்லர் கெட்டுப்போச்சா?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்காம். நவம்பர் ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி அவர் ஹீட்டிங் போடமாட்டாராம். இந்த வருஷம் மட்டும் இல்ல, எந்த வருஷமும். ஒண்ணாம் தேதி காலைல ஏழு மணிக்கு வாங்க, நானே போட்டுக் காட்டறேன்னு சொல்றாரு.”

“என் கடன் முப்பத்தொண்ணோட முடியுதே!”

“சொன்னேனே. ‘ஒரே ஒரு நாள்தானே, பொறுக்கச் சொல்லு’ன்னாரு.”

ஜோயலுக்கு இதில் அதிசயமாக ஒன்றும் படவில்லை, அதுதான் கொடுமை. அவன் அப்பாவும் அப்படித்தான். குளிர்காலத்துக்காக நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளும் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரை எங்கள் வீட்டில் ஹீட்டிங் கிடையாது என்று மாமாக்களிடம் பெருமை பேசுவார். மாமாக்கள் அவரைவிட ஒரு வாரம் அதிகம் தாங்கியதாகச் சொல்வார்கள். அந்தப் போட்டியில் எத்தனை பேருக்குச் சளி பிடித்தது என்று யாரும் எண்ணியதில்லை.

“நேர்ல போ,” என்றாள் ரூத்.

“அப்படிப் போகக் கூடாது ரூத்.”

“போகாம இரு. மீன் வாசனையோட கிடப்போம்.”

சனிக்கிழமை ஜோயல் பதினோரு நிமிடம் நடந்து போனான். கதவைத் திறந்த ஓல்ட்ராய்டுக்கு எண்பது வயதிருக்கும். வீட்டுக்குள்ளேயே மேல்கோட்டும் கம்பளித் தொப்பியும் அணிந்திருந்தார். வெளியே கிளம்புகிறார் போல என்று ஜோயல் ஒதுங்கி வழிவிட்டான்.

“நான் எங்கயும் போகலை. உள்ள வா தம்பி, கதவைச் சாத்து. வெளியில இருக்கற சூடெல்லாம் உள்ள வந்துடப் போகுது.”

அது வேடிக்கைப் பேச்சா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்னறையில் அவர் மனைவி மேவிஸ், மடியில் வெந்நீர்ப் பையும் அதன்மேல் ஒரு போர்வையும் அதன்மேல் இன்னொரு போர்வையுமாக உட்கார்ந்திருந்தாள். பேசும்போது வாயிலிருந்து லேசாகப் புகை வந்தது.

“வா ராசா. டீ போடறேன். கப்பைக் கையிலயே வெச்சுக்கோ, கீழ வெச்சா ஆறிடும்.”

ஜோயல் எல்லாவற்றையும் சொன்னான். கடன், தேதி, வட்டி, மீன் கடை. ஓல்ட்ராய்ட் பொறுமையாகக் கேட்டார்.

“குழாயைத் திறந்தா வெந்நீர் வருதா இல்லையா?”

“வருது சார்.”

“அது எங்கேருந்து வருது? பாய்லர்லேருந்து. அப்போ பாய்லர் நல்லா இருக்கு. முடிஞ்சது.”

“ரேடியேட்டர் சூடாகணும்னு வங்கியில கேக்கறாங்களே.”

“வங்கிக்காரன் கேப்பான். இந்த வீட்டுக்கு நாங்க வந்து அம்பத்துநாலு வருஷம் ஆச்சு. ஒரு அக்டோபர்லகூட நான் ஹீட்டிங் போட்டதில்ல. எதிர்வீட்டுக்காரன் செப்டம்பர்லயே போடறான். அவனைப் பாத்தியா? முகமே ரொட்டி மாவு மாதிரி இருக்கும்.”

“ஒரு வருஷம் பனியே பெஞ்சுது,” என்றாள் மேவிஸ், யாரையும் பார்க்காமல்.

“பெஞ்சுது. போட்டேனா?”

“போடலை.”

“பாத்துக்கோ,” என்றார் ஓல்ட்ராய்ட், வழக்கில் ஜெயித்தவர்போல. பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “நாங்க போற இடம் எப்படின்னு தெரியுமா தம்பி? வயசானவங்களுக்கான ஃபிளாட். எல்லா அறைக்கும் சேத்து ஒரே இடத்துலேருந்து சூடு விடறாங்க. வருஷம் முழுக்க. ஜூலையிலயும். நம்ம கையில ஸ்விட்ச்சே கிடையாது. இதுதான் எனக்குக் கடைசி அக்டோபர்.”

சட்டப்படி, மனிதாபிமானப்படி, வட்டி விகிதப்படி ஜோயலிடம் இருந்த வாதங்களில் எதுவும் இதற்குப் பதில் இல்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீதி டீயைக் குடித்தான்.

மேவிஸ்தான் பேசினாள். “ஏன் பெர்னார்ட், ஹீட்டிங் போடறதுன்னா என்ன? வீடு சூடாகறதுதானே?”

“ஆமா.”

“ஜன்னல் எல்லாத்தையும் திறந்து வெச்சுட்டா வீடு சூடாகாது. குழாய் மட்டும்தான் சூடாகும். அந்த பாய்லர்க்காரப் பையன் வந்து குழாயைத் தொட்டுப் பாத்துட்டுப் போகட்டும்.”

ஓல்ட்ராய்ட் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் யோசித்தார். “மேல் மாடி ஜன்னலும்,” என்றார். “பின்கதவும்.”

செவ்வாய்க்கிழமை பாய்லர் ஆள் டேரில் வந்தபோது மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. எட்டு ஜன்னல்களும் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. திரைச்சீலைகள் கொடிபோல் பறந்தன. டேரில் வாசலில் நின்று, தெருவின் பெயர்ப் பலகையை இன்னொரு முறை பார்த்தான்.

“இது சரியான வீடுதானா?”

“சரியான வீடுதான். ஒண்ணும் கேக்காத, உள்ள வா,” என்றான் ஜோயல்.

பாய்லர் முதல் தடவை பற்றவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. டேரில் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றி, எதையோ திருகி, மூன்றாம் தடவை அழுத்தினான். பாய்லர் இருமிவிட்டுப் பற்றிக்கொண்டது. கால் மணி நேரத்தில் ரேடியேட்டர்கள் ஒவ்வொன்றாகச் சூடாயின. மாடியில் ஒன்றில் காற்று அடைத்திருந்தது. திறந்துவிட்டதும் அதுவும் வழிக்கு வந்தது. ஓல்ட்ராய்ட் பின்னாலேயே வந்து, எந்த ஜன்னலாவது காற்றில் தானாகச் சாத்திக்கொண்டதா என்று பார்த்தார்.

“எல்லாம் நல்லா இருக்கு,” என்றான் டேரில். ஜோயல் அவனைக் கட்டிப்பிடிக்கலாமா என்று யோசித்தான். டேரில் வங்கியின் படிவத்தைப் புரட்டிக் கடைசி வரிக்கு வந்தான். “இதென்ன? ‘முன்னறையின் வெப்பநிலை அரை மணி நேரத்துக்குள் பதினெட்டு டிகிரியை எட்டியது.’ இப்ப எவ்வளவு?” கருவியை எடுத்துப் பார்த்தான். “ஒன்பது.”

“பதினெட்டுன்னு போட்டுடேன்,” என்றான் ஜோயல்.

“என் லைசென்ஸ் போயிடும்ப்பா. இந்த வீட்டை யாராலயும் பதினெட்டுக்குக் கொண்டுவர முடியாது. இப்படியே விட்டா தெருதான் சூடாகும்.”

“அப்போ ஒண்ணாம் தேதி வா,” என்றார் ஓல்ட்ராய்ட்.

ஜோயல் அவரைப் பார்த்தான். மூன்று நாள் மீதி இருந்தது, வீட்டுப் பத்திரம் முடிக்கும் வக்கீலுக்கே அதில் இரண்டு நாள் வேண்டும். ரூத்துக்கு என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கட்ட ஆரம்பித்தான். ‘ஒரு நாள் வித்தியாசத்துல’ என்று தொடங்கி, அதற்கு மேல் ஓடவில்லை.

மேவிஸ் முதல் போர்வையை எடுத்துவிட்டாள். பிறகு இரண்டாவதையும். எழுந்து போய் முன்னறை ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. உள்ளங்கையால் குத்தி இறக்கினாள்.

“மேவிஸ்,” என்றார் ஓல்ட்ராய்ட்.

“அம்பத்துநாலு அக்டோபர் உனக்குக் குடுத்திருக்கேன் பெர்னார்ட். அரை மணி நேரம் நான் எடுத்துக்கறேன்.”

டேரில் படிவத்தில் தன் பெயரை, தேவைக்கு மேல் அழுத்தமாக, இன்னொரு தடவை எழுதினான். ஓல்ட்ராய்ட் ஜன்னலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் வெளியில இருக்கேன்,” என்றார். “நான் வீட்ல இல்லாதப்போ யாரு என்ன பண்ணா எனக்கென்ன. அதெல்லாம் கணக்குல வராது.”

பின்கதவு வழியாகப் போனார். கதவை அவரே சாத்திவிட்டுப் போனார். சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோது குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், மழையில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் நிமிர்ந்து நின்றார்.

ஜோயல் ஓடி ஓடி மற்ற ஜன்னல்களையும் வாசல் கதவையும் அடைத்தான். பத்தாவது நிமிடம் பன்னிரண்டு டிகிரி. இருபதாவது நிமிடம் பதினாறு. இருபத்தாறாவது நிமிடம் பதினெட்டு. டேரில் கையெழுத்துப் போட்டான். ஜோயல் அந்தத் தாளைப் படம் எடுத்து வக்கீலுக்கும் ஜெம்மாவுக்கும் ரூத்துக்கும் அனுப்பினான். வக்கீலிடமிருந்து ‘கிடைத்தது, வெள்ளிக்கிழமை சாவி’ என்று பதில் வந்தது. ரூத்திடமிருந்து ஒரு மீன் படமும் அதன் குறுக்கே ஒரு கோடும்.

இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஜோயல் பின்கதவைத் திறந்து வெளியே போனான். ஓல்ட்ராய்டின் தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ஆச்சா?”

“ஆச்சு சார். பதினெட்டு.”

“அப்போ அணைச்சுடச் சொல்லு. உள்ள வரேன்.”

ஜோயல் திரும்பிச் சமையலறை ஜன்னல் வழியே உள்ளே, முன்னறைவரை பார்த்தான். டேரில் கருவிகளைப் பெட்டியில் அடுக்கி முடித்துவிட்டான். மேவிஸ் நாற்காலியை ரேடியேட்டர் பக்கம் நகர்த்திப் போட்டு, கம்பளிச் சட்டையையும் காலுறைகளையும் கழற்றிவிட்டு, வெறுங்காலை அதன்மேல் நீட்டி வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது.

“இன்னும் பத்து நிமிஷம் ஆகுமாம் சார்,” என்றான் ஜோயல். “ஏதோ சரிபாக்கணுமாம்.”

“என்ன சரிபாக்கறான்?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது.”

கோட்டை அவன் உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தான். எடுக்கப் போனால் கதவைத் திறக்க வேண்டும், அவரும் கூடவே உள்ளே வந்துவிடுவார். கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, கிழவருக்குப் பக்கத்தில் மழையில் நின்றான்.