காகிதம் சுடும் துவக்கு

இந்த இத்தாலிப் பலெர்மோவில் எனக்கிருக்கிற ஒரே லீவு ஞாயிறு. அதையும் பாராமல், நாங்கள் குடியிருக்கிற போர்கோ வெக்கியோவிலிருந்து என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள் என் மனுசி தயானி. அவள் துப்புரவு செய்யும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, செத்துப்போன புருசனின் துவக்கை விற்கப் போகிறாவாம். சுவரிலிருந்து கழற்ற ஆள் வேண்டுமாம்.

அம்மாடி, அப்படியொரு பாரம்! நூற்றைம்பது வருசத்துக்கு மேல் பழசு. அமெரிக்காவில் எஸ்ரா பெல்க்னப் என்றொருவர் செய்தது. குழலில் அவர் பெயர் வெட்டியிருந்தது. போட்டியில் காகித வட்டத்தைச் சுடுவதற்கு மட்டும்தான் துவக்குச் செய்வாராம். நாட்டில் சண்டை மூண்டு பட்டாளத்துக்காரர் வந்து கேட்டபோதும் ஒன்றுகூடச் செய்து கொடுக்கவில்லை என்று சிஞ்ஞோரா பெருமையாகச் சொன்னா. எங்கள் வன்னியில் பிறந்திருந்தால் தெரிந்திருக்கும் அவருக்கு, மாட்டேன் என்று சொல்ல விடுவார்களா என்று.

"தயானி, தூக்கிப் பிடி. நீளம் தெரியட்டும்," என்று சிஞ்ஞோரா போனை எடுத்தா.

தயானி தூக்கினாள். அடிக்கட்டை தோளில் பொருந்தியது, இடதுகால் முன்னே வந்தது, கன்னம் மரத்தில் சாய்ந்தது. விரல் விசைக்கு வெளியே நீட்டி நின்றது. அடுப்பிலிருந்து சட்டியை இறக்குகிறவள் மாதிரி, யோசிக்காமல் செய்தாள்.

"பிராவா! என் புருசனுக்கே இப்படி நிற்க வராது."

நாளை திங்கட்கிழமை தயானிக்கு அகதி விசாரணை. துவக்கைத் தொட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். எனக்கும் அதையேதான் சொல்லியிருந்தாள். இந்தப் படம் இன்டர்நெட்டில் விற்பனைக்குப் போனால் எல்லாம் அதோடு சரி.

விசயத்தைச் சொன்னதும் சிஞ்ஞோரா மறுபேச்சில்லாமல் படத்தை அழித்துவிட்டு, கண்ணாடி தேடி உள்ளே போனா.

"ஆர் பழக்கினது?" என்று கேட்டேன்.

"சண்டையின்ரை கடைசி மாசம் இயக்கக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவை. எனக்குப் பதினாறு வயசு. ஓடி வந்திட்டன்."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"பிறகு என்னை எப்பிடிப் பாப்பியளோ எண்டு பயம்."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மீது இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் அதைக் கொடுத்தவர்கள்மீது.

சிஞ்ஞோரா திரும்பி வந்தா. "படத்துக்கு நான் பிடிக்கிறன்," என்றேன். இங்கே இருக்க எனக்குப் பெர்மெசோ, அனுமதிக் கடுதாசி, இருக்கிறது, என்ன பயம்? மண்வெட்டி மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிஞ்ஞோராவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தயானி கிட்ட வந்து என் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அங்கை வைக்கக் கூடாதப்பா." பிறகு மெதுவாக, "நாளைக்கு விசாரணையிலை உள்ளதைச் சொல்லப் போறன்," என்றாள்.

"திருப்பி அனுப்பிப் போட்டினமெண்டா?"

படத்துக்குள் நிற்கிறாய், தள்ளு என்று சிஞ்ஞோரா கையைக் காட்டினா. தயானி தள்ளவில்லை. குழலை ஒரு கையால் தாங்கியபடி, போனை நேரே பார்த்துக்கொண்டு நின்றாள்.