ஒன்று கூட்டி எழுதிய ஷீட்டுகள்

டேப்லெட் வாங்கச் சொன்ன அன்றே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இருபத்தாறு வருஷமாகக் கிள்ளானில் கல்யாணத்துக்குக் கல்யாணம் கீபோர்டு வாசிக்கிறேன். தனலெட்சுமி என்றால் மூன்று கனத்த ஃபைல், அதில் நானே கைப்பட எழுதிய நூற்று நாற்பத்து மூன்று பாட்டு. அந்தச் சுரக்குறிப்பு ஷீட்டைப் பார்க்காமல் எனக்கு ஒரு பாட்டும் ஓடாது. அதனால்தான் அந்த ஃபைல்கள் இருக்கும் பையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மேடையில் உட்காருவேன். சாப்பாட்டு வரிசைக்கும் அது என்னோடு வரும், கழிவறைக்கும் வரும்.

எங்கள் குழுவின் தலைவர் லோகன். பாடுவதும் அவர்தான். "தனம், ஹோட்டல் மேடைல ஏர்கான் காத்துக்குப் பேப்பர் பறக்குது லா. வீடியோல பார்க்க அசிங்கமா இருக்கு. ஷீட் எல்லாத்தையும் ஏத்தி ஒரு டேப்லெட் வாங்கிக்கோ" என்றார். அதோடு விட்டாரா? "அனுவைக் கூட்டிட்டுப் போ, அவளுக்கு இதெல்லாம் நல்லா தெரியும்" என்று ஒரு வால் வேறு.

அனுப்பிரியா திருச்சியிலிருந்து வேலை பர்மிட்டில் வந்து ஆறு மாதம் ஆகிறது. எனக்குப் பக்கத்தில் இரண்டாவது கீபோர்டு. நான் மேடையேறிய வருஷம்தான் அவள் பிறந்திருக்கிறாள். ஒரு குழுவுக்கு எதற்கு இரண்டு கீபோர்டு? என் ஃபைலில் இருப்பது அவள் கைக்குப் போய்விட்டால் அப்புறம் நான் எதற்கு? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா என்ன!

பிரிக்பீல்ட்ஸில் ரஃபீக் என்பவரின் டேப்லெட் கடைக்குப் போனோம். அவர் நான்கு டேப்லெட்டை வரிசையாக வைத்தார். பையிலிருந்து ஒரு ஷீட்டை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் விரித்துப் பார்த்தேன். சின்னதில் சுரமெல்லாம் எறும்பு. இன்னொன்றில் விளக்கு வெளிச்சம் விழுந்து பாட்டுக்குப் பதில் என் மூஞ்சி தெரிந்தது.

"பாட்டு நடுவுல படுத்துடுமா?" என்று கேட்டேன்.

"படுக்காதுக்கா."

"போன் வந்தா ஷீட் மேல வந்து நிக்குமா?"

"அதை நிறுத்தி வச்சிடலாம்க்கா."

"எதைக் கேட்டாலும் சரி சரிங்கிறீங்க. எதுக்குத்தான் முடியாதுன்னு சொல்வீங்க?"

ரஃபீக் சிரித்தார். கடைக்காரர் சிரித்தால் எனக்குப் பிடிக்காது.

அனு பெரிய டேப்லெட்டை என் முன்னால் நகர்த்தினாள். "இதை எடுங்கக்கா. பேப்பர் அளவு அப்படியே இருக்கு. காலால அமுக்குற பெடலும் வாங்கிக்குங்க, பக்கம் திருப்பக் கையை எடுக்க வேணாம். உங்க கண்ணுக்கும் நல்லது."

என் கண்ணைப் பற்றி இவளுக்கு என்ன அக்கறை? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஆனால் அந்தப் பெரியதில் எழுத்து பளிச்சென்று இருந்தது, சனியன். அதையே எடுத்தேன். பெடலையும் எடுத்தேன்.

ஷீட்டுகளைப் படம் பிடித்து ஏற்ற இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஃபைலை விட்டுவிட்டு வர நான் என்ன பைத்தியமா? முடித்த பிறகு ரஃபீக் விளக்கினார். "இது உங்க ஃபோல்டர். இது குழு ஃபோல்டர், லோகன் அண்ணனுக்கும் அனுவுக்கும் தெரியும். இதுல முக்கியமான விஷயம் என்னன்னா..." அந்த நேரம் பார்த்து அனு என் பையை நாற்காலியிலிருந்து தூக்கினாள். பாய்ந்து போய்ப் பிடுங்கிக்கொண்டேன். "உக்காரத்தான்க்கா எடுத்தேன்" என்றாள். ஆமாம், நான் நம்பிவிட்டேன்! ரஃபீக் சொன்ன முக்கியமான விஷயம் காதிலேயே ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை நன்றாகவே நடந்தது. முடிந்ததும் லோகன் தொண்டையைச் செருமினார். "அடுத்த மாசத்துலேர்ந்து சின்ன மேடைக்கு ஒரு கீபோர்டுதான் லா. யாருன்னு ஞாயித்துக்கிழமை கச்சேரி முடிஞ்சதும் சொல்றேன்." பிறகு டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே, "நல்லவேளை, ஷீட் எல்லாம் இப்ப குழுகிட்ட இருக்கு" என்றார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கல்யாணக் கச்சேரிக்காரர்களிடம் ஒரு பழைய வித்தை உண்டு. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் பட்டன் இருக்கிறது. பாடுகிறவரின் குரலுக்குத் தக்கபடி எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஷீட்டின் தலையிலும் எழுதியிருப்போம். வேறு குழுக்காரன் ஷீட்டை இரவல் கேட்டால் இல்லை என்று சொல்லாமல், அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டிக் கொடுத்துவிடுவோம். பார்த்தால் தெரியாது. மேடையில் வாசிக்கும்போதுதான் மானம் போகும்.

வியாழனும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். குழு ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு ஷீட்டிலும் என் எண்ணை அழித்தேன், ஒன்று கூட்டி டைப் அடித்தேன். நூற்று நாற்பத்து மூன்று பாட்டு. விரல் வலித்தது, மனசு குளிர்ந்தது. காகித ஃபைல்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வாசிடி வாசி, என் இடத்தில் உட்கார்ந்து வாசி!

ஞாயிறு மதியம் ஷா ஆலமில் ஒரு மண்டபத்தில் விருந்து. பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நுழையும்போது முதல் பாட்டு. என் ஃபோல்டரைத் திறந்தேன், தலையில் மூன்று என்று இருந்தது, மூன்றை அமுக்கினேன், வாசித்தேன். புல்லாங்குழல் சேர்ந்தது. ஐயோ! இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு காதைக் கிழித்தன. கைதட்டிக்கொண்டிருந்த கூட்டம் மேடையைப் பார்த்தது. மாப்பிள்ளை நடையை நிறுத்திவிட்டார். என் விரல் அப்படியே நின்றது. பக்கத்தில் அனு ஷீட்டைக்கூடப் பார்க்காமல் சரியான சுருதியில் பிடித்தாள். லோகன் அதைத் தொட்டுக்கொண்டு பாடிவிட்டார்.

அப்போதுதான் திரையை நன்றாகப் பார்த்தேன். என் கையெழுத்து இருந்த இடத்தில் அச்சு எழுத்து. என் ஃபோல்டரிலேயே! அடுத்த பாட்டு, அதற்கடுத்த பாட்டு, எல்லாம் அதே. ரஃபீக் சொன்ன முக்கியமான விஷயம் இதுதான் போலிருக்கிறது. ஒரே அறைக்கு இரண்டு கதவு; அதில் மாற்றினால் இதிலும் மாறிவிடும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாம், அதுபோல ஆயிற்று. மிச்சப் பாட்டுகளுக்கு ஒன்றைக் குறைத்து அமுக்கி ஒப்பேற்றினேன்.

சாப்பாட்டு இடைவேளையில் லோகன் எங்கள் இருவரையும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. கையில் அவருடைய டேப்லெட்.

"செவ்வாக்கிழமை எல்லாம் சரியா இருந்துச்சு. இப்ப எல்லா நம்பரும் மாறியிருக்கு. இந்த ஃபோல்டர் நம்ம மூணு பேருக்குத்தான். நான் தொடல. தனம் தன் பாட்டைத் தானே கெடுத்துக்குமா?" அனுவைப் பார்த்தார். "ஒரு கீபோர்டுதான்னு சொன்னதும் வேலையைக் காட்டிட்ட இல்ல?"

"அண்ணே, எனக்கு ஷீட் படிக்கவே தெரியாதுண்ணே. எல்லாம் காதால கேட்டுத்தான் வாசிக்கிறேன். நான் அந்த ஃபோல்டரைத் தொறந்ததே இல்ல."

"நம்பர் மாத்தப் படிப்பு எதுக்கு? அடுத்த மாசம் உன் பர்மிட்டுக்கு நான் கையெழுத்துப் போடல. ஊருக்குக் கிளம்பு."

மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. இடம் எனக்கே. வாயைத் திறக்காமல் நின்றால் போதும். ஆனால் படிக்கத் தெரியாது என்கிறாளே! இருபத்தாறு வருஷம் யாரிடமிருந்து எதைக் கட்டிக் காத்தேன்?

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றாள் அனு. என்மேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"மாத்தினது நான்தான்" என்றேன். "ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு கூட்டி வச்சேன். அனு வாசிச்சு மாட்டிக்கணும்னு."

லோகன் டேப்லெட்டை மூடினார். "நீயா தனம்?" என்றார். அடுத்த மாதம் யார் என்று அதற்குப் பிறகு சொல்லவும் தேவைப்படவில்லை.

மைக்கில் குழுவை அழைத்தார்கள். அனு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு மாதமாக அவளுடைய கைப்பை மேடைக்குப் பின்னால் என் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். பர்ஸும் பாஸ்போர்ட்டும் அதில்தான் இருக்கும், ஜிப்பைக்கூட மூடமாட்டாள். இப்போது குனிந்து அதை எடுத்தாள், ஜிப்பை இழுத்து மூடினாள், மேடைக்குக் கொண்டுபோனாள். தன் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, பையை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கி வைத்துக்கொண்டாள்.