தரைக்கு அடியில் ஓர் அந்தியோக்கியாக் காசு

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அந்தக் காசைச் செங்கல் தரைக்கு அடியில் வைத்தவன் நான்தான்.

சிசாக் ஊரின் ஓரத்தில் மியோவின் வீடு. புறவழிச்சாலை அதன் மேல் போகப்போகிறது. நிலநடுக்கத்தில் சரிந்த கூரையை எழுபத்தோரு வயதில் தன் கையாலேயே ஓடு ஓடாக அடுக்கி மீட்டவர் அவர். அந்த வீட்டை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தில் பழம்பொருள் தேடும் சோதனைக்குழி தோண்டவைத்தேன்; ஒரு செங்கல் தரை வந்தது. அது ரோமானியத் தரை என்று உறுதியானால் சட்டப்படி சாலை வளைந்து போகும். உறுதிப்படுத்த அந்தக் காலத்துக் காசு ஒன்று வேண்டும். வைத்தேன்.

2

இந்தக் கதைக்கு முதலில் எழுதிய தொடக்கம்: 'குப்பா ஆற்றின் மேல் பனி மெல்ல—'

(வேண்டாம். பனியில் தொடங்கும் கதைகள் எனக்கே சலித்துவிட்டன.)

இரண்டாவது: அருங்காட்சியகத்தில் பழங்காசுகளைப் படித்துச் சொல்லும் லியெர்காவின் மேசையில், குழி தோண்டும் குழுவின் தலைவன் க்ரெஷோ ஒரு காகித உறையை வைத்தான்.

"சீக்கிரம் படிச்சு எழுதிக் கொடு தாயே. சாலைக்காரங்க போன் மேல போன் போட்டு உசிரை வாங்கறாங்க."

"எங்கடா கிடைச்சது?"

"உங்கப்பா தோட்டத்துலதான். தரைக்கு அடியில. கிழவருக்கு யோகம் அடிச்சிருக்கு!"

"சரி, நீ போய்க் காபி குடிச்சிட்டு வா. பக்கத்துல நின்னு மூச்சு விட்டா எனக்கு எழுத்து பிடிபடாது."

(மியோவின் மகளே படிக்கலாமா என்று கேட்பீர்கள். இந்த ஊரில் பழங்காசு படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.)

3

காசைப் படிக்க ஒரு முறை உண்டு. முதலில் தலைப்பக்கம். முகத்தைச் சுற்றி ஓடும் எழுத்தில் பேரரசன் பெயர்: கான்ஸ்டான்டியஸ். அடுத்தது பின்பக்கம். குதிரையிலிருந்து விழுகிறவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துகிறான். சுற்றிலும் 'நல்ல காலம் திரும்பியது' என்ற வாசகம்.* கடைசியாக அடிக்கோட்டுக்குக் கீழே, எந்த ஊரில் அடித்த காசு என்பதற்கான எழுத்துகள்.

* குத்துப்படுகிறவனைக் கேட்டு எழுதியிருக்க மாட்டார்கள்.

அங்கே எஸ், ஐ, எஸ் என்று எழுதிவைத்திருந்தேன். அந்தக் காலத்தில் சிசாக்கிலேயே காசு அடித்தார்கள். இங்கே கிடைப்பதில் பெரும்பாலும் அதுதான். லியெர்கா உருப்பெருக்கியைக் கீழே நகர்த்தினாள். ஏ, என், பி. இன்றைய துருக்கியில் இருக்கும் அந்தியோக்கியா, இரண்டாம் பட்டறை.

சத்தியமாக இதை நான் எழுதவில்லை.

அந்தியோக்கியாக் காசு இங்கே வராமலே போகாது, எப்போதாவது வரும். ஆனால் அவள் மறுபடியும் தலைப்பக்கத்தைத் திருப்பினாள். அரசனுக்கு இரண்டு மூக்கு. அச்சு நழுவி இரண்டு முறை விழுந்த காசு. அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கல்லூரியில் சேர்ந்த வருஷம் சித்தப்பா துருக்கியிலிருந்து வாங்கிவந்து கொடுத்த காசு அது. அவள் படித்த முதல் காசு. அப்பா வீட்டில், அவளுடைய பழைய மேசை இழுப்பறையில் இருக்கவேண்டியது.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாள் நான்தான் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ('மியோ நேர்மையான மனிதர்' என்று முதல் பிரதியில் ஒரு வரி உண்டு. அதை அடிக்கவும் முடியவில்லை, விடவும்—) விவரம் தெரிந்தவன் சிசாக் காசாகப் பார்த்து வைத்திருப்பான். அவருக்கு ரோமானியக் காசு என்றால் ரோமானியக் காசு, அவ்வளவுதான்.

4

அவள் போன் செய்தாள்.

"அப்பா, என் இழுப்பறையைத் திறந்து பாருங்க. அந்த ரெண்டு மூக்குக் காசு இருக்கா?"

மியோ இழுப்பறைப் பக்கம் போகவில்லை.

"அது ரோமானியக் காசா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"ரோமானியக் காசுதான்! ஆனா என்னோட காசுப்பா. எப்படிப்பா மனசு வந்தது உங்களுக்கு?"

"நேத்து குழி தோண்டறவங்க சாப்பிடப் போனப்ப ஒரு செங்கல்லை நகர்த்தினேன். பெரிய வேலையா?"

"நான் கையெழுத்துப் போடணும்ப்பா! தெரிஞ்சா என் வேலை போயிடும். அப்புறம் நான் படிச்ச ஒரு காசையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

"நீதான் படிப்பேன்னு தெரிஞ்சுதான் வெச்சேன். வேற யாராவது படிப்பாங்கன்னா வெச்சிருக்கவே மாட்டேன்மா."

அவளுக்குக் கோபத்தில் அழுகை வந்தது. எனக்கும்தான்.

5

முடிவு ஒன்று: அவள் உண்மையை எழுதுகிறாள். வீடு இடிபடுகிறது. மியோ, மகளுடைய மூன்றாம் மாடி வீட்டின் சன்னலோரத்தில்— (நான்கு வரி எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: கையெழுத்துப் போடுகிறாள். சாலை வளைகிறது. வளைந்து இன்னொருவர் வீட்டின் மேல் போகிறது. (அங்கே யார் இருக்கிறார்கள் என்று இந்த நிமிஷம் வரை நான் யோசிக்கவே இல்லை. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.)

6

படிவத்தில் அரசன் பெயர் எழுதியாகிவிட்டது. அடித்த ஊரும் எழுதியாகிவிட்டது. 'கிடைத்த இடம் பற்றிய கருத்து' என்ற கட்டம் மட்டும் காலி. அந்த வீட்டைக் காப்பாற்றப் பொய் சொல்லலாம் என்று முதலில் நினைத்தவன் நான். அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு யோக்கியதை இல்லை.

க்ரெஷோ வந்து கதவருகே நிற்கிறான். "என்ன, முடிஞ்சுதா?"

லியெர்கா நிமிர்கிறாள். என்னை நம்புவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். உங்களைத்தான் பார்க்கிறாள்.