மூன்று சென்டிமீட்டர்

கேள்வி கேட்டது குண்டூசி. பதில் போனது அவள் அண்ணனுக்கு. மூன்றாவது தடவையும் அப்படியே ஆனபோது அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

"இந்த பிரேக் பிடி எனக்கு எட்டுமா?" என்றுதான் கேட்டாள்.

"எல்லாம் ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்," என்றார் சைக்கிள் கடைக்காரர், அவள் தலைக்கு மேலாக அண்ணனைப் பார்த்து. அண்ணனும் ஏதோ தன் கையைப் பற்றித்தான் கேட்டதுபோல பிடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

குண்டூசி என்பது வேலை பார்க்கும் இடத்தில் அவளுக்கு வைத்த பெயர். தொழிற்சாலைகளுக்குச் சீருடை தைக்கும் ஒரு பட்டறையில் அவள் கட்டிங் மாஸ்டர். உயரம் நாலடி ஒன்பது அங்குலம். வாயில் எப்போதும் இரண்டு ஊசி இருக்கும். அந்த ஊசிகளுக்கு நடுவே நுழைந்து வரும் பேச்சும் குத்தும். முகத்துக்கு நேரே வைத்த பெயர் என்பதால் அவளும் சிரித்தபடி ஏற்றுக்கொண்டாள். வீட்டில் அண்ணன் கூப்பிடுவது 'பொடிசு'. அது மட்டும் அவளுக்கு ஆகாது. முப்பத்தாறு வயதில் யாருக்குத்தான் ஆகும்?

இரண்டு மாதத்துக்கு முன்னால் பட்டறையில் மெஷின் ஓட்டும் தோழி ஒருத்தி, ஊருக்குப் பின்னால் இருந்த குன்றுக்கு அவளைக் கூட்டிப்போனாள். தன் மகளுடைய மலைச் சைக்கிளைக் கொடுத்தாள். மரங்களுக்கு நடுவே மண்பாதை வளைந்து வளைந்து இறங்கியது. கீழே வந்து சேர்ந்தபோது குண்டூசிக்குப் பல்லிலெல்லாம் மண். வெகுநாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், தனக்கென்று ஒன்று வாங்குவதென்று.

ஆனால் வண்டி சமாச்சாரம் என்றால் அண்ணனைக் கேட்காமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஆகவே அண்ணனும் கூட வந்தான். வந்ததும் அவனே முன்னால் நடந்தான்.

கடைக்காரர் சாம்பல் நிற வண்டி ஒன்றை உருட்டி வந்து நிறுத்தினார். அவள் காலைத் தூக்கிப் போட்டு நின்றாள். குதிகால் தரையில் படவில்லை. கால் கட்டை விரல்களில் நின்றும், பார் கம்பி தொடையிடுக்கில் அழுத்தியது.

"உயரமா இருக்கே," என்றாள்.

"சீட்டை இறக்கிட்டா போதும் மேடம்."

"சீட்டைச் சொல்லல. நான் இந்தக் கம்பியைச் சொல்றேன்."

"ஓட்டும்போது யாரு மேடம் தரையில நிக்கிறாங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். அண்ணனும் சிரித்தான். "எடுத்துக்கோ பொடிசு. உருப்படியான வண்டி."

அவளுடைய வெட்டு மேசையில் யாராவது இப்படிப் பேசியிருந்தால் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வரிந்துகட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அங்கே ஏனோ வாயடைத்துப் போனது. கியர், ஃபோர்க், சஸ்பென்ஷன் என்று இரண்டு ஆண்களும் மாற்றி மாற்றி அடுக்கியதில், தன் காலைப் பற்றித் தனக்குத் தெரிந்ததுகூடத் தப்போ என்று ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில் தலையாட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தோழியோடு குன்றுக்குப் போனாள். ஏறும்போது தெரியவில்லை. இறக்கம் தொடங்கியதும் பிரேக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. விரல் நுனிதான் பிடியைத் தொட்டது. உள்ளங்கையை முன்னால் தள்ளினால் பிடி கைக்கு வரும். ஆனால் கட்டை விரல் ஹேண்டில்பாரை விட்டுவிடும். முன்சக்கரம் ஒரு வேரில் ஏறி இறங்கியது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கவே இல்லை. அந்த உலுக்கல் முழுவதும் தோளில் ஏறியது. காலை ஊன்றி நின்றுவிடலாம் என்று நினைத்து ஊன்றினாள். ஊன்றிய இடத்தில் தரை இல்லை.

முதலில் விழுந்தது அந்தக் கம்பியின்மேல். அந்த வலியை மருத்துவரிடம் சொல்வதற்கே அவளுக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து வலது மணிக்கட்டின்மேல். எலும்பு உடையவில்லை, நரம்பு சுளுக்கு, மூன்று வாரம் கட்டுப் போட வேண்டும் என்றார்கள்.

"முதல் தடவை எல்லாரும் விழுவாங்க," என்றான் அண்ணன், அவள் கட்டைத் தட்டிக்கொடுத்து. "நீ பயந்துட்ட. அதான் விஷயம்."

"பயப்படல. எட்டல."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

வலது கையில்லாமல் கட்டிங் மாஸ்டர் என்ன செய்வாள்? மேற்பார்வையாளர் அவளை அளவுச் சீட்டு ஒட்டும் மூலையில் உட்கார வைத்தார். ஸ்மால், மீடியம், லார்ஜ். ஸ்மால், மீடியம், லார்ஜ். இடது கையால் ஒவ்வொரு சட்டைக் கழுத்திலும் சீட்டை ஒட்ட ஒட்ட, அவளுக்குள் ஏதோ கொதித்து அடங்கி மறுபடி கொதித்தது. யாரென்றே தெரியாத ஒரு வெல்டருக்குக் கூட, குனிந்தால் முதுகு தெரியக்கூடாது என்று இங்கே சட்டை நீளத்தை மாற்றுகிறோம். எனக்கு ஒருத்தன் குனிந்து ஒரு அளவு எடுத்தானா?

கட்டுப் பிரித்த மறுநாள் ஞாயிறு. காலையில் பின்கட்டுக்குப் போனாள். சுவரோரம் சைக்கிளைக் காணோம். அரை மணி கழித்து அண்ணன் வேர்க்க விறுவிறுக்க அதில் வந்து இறங்கினான். சீட் ஒரு சாண் மேலே ஏறியிருந்தது. டயரில் புதுச்சேறு, அதற்கடியில் காய்ந்துபோன பழைய சேறு.

"இது எத்தனாவது தடவை?" என்றாள்.

"சும்மாதானே கிடக்குதுன்னு..."

"எத்தனாவது தடவைன்னு கேட்டேன்."

"நாலஞ்சு தடவை இருக்கும். இப்ப என்ன? ரெண்டு பேருக்கும் ஆகும்னுதானே இதப் பாத்து எடுத்தேன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கத் தொடங்கினான். தேவைக்கு மேல் நேரம் துடைத்தான்.

"அப்ப உன் காலுக்குப் பாத்து எடுத்திருக்க," என்றாள் குண்டூசி. குரல் எழும்பவில்லை. அதுதான் அண்ணனைப் பயமுறுத்தியது. "என் சம்பளத்துல, என் பேர்ல, உன் காலுக்கு. தினமும் பத்துப் பேர் உன் கார்ல ஏறுறாங்க. ஏறினதும் என்ன சொல்ற? முதல்ல சீட்டை முன்னால இழு, கால் எட்டுதா பாரு, கண்ணாடியைத் திருப்புன்னு சொல்றியா இல்லையா? ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சொல்ற வாய், கூடப் பிறந்தவளுக்கு மட்டும் ஏன் ஒட்டிக்கிச்சு?"

"ஏன்டி, ஆசையா கூட வந்து வாங்கித் தந்த புள்ளையப் போயி..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அவன் வாங்கித் தரலம்மா. அவனுக்கு வாங்கிக்கிட்டான். சின்ன வயசுல அவன் சட்டையெல்லாம் எனக்குப் போட்டுவிட்டு, வளர்ந்துடுவா வளர்ந்துடுவான்னு சொன்னியே, நான் வளர்ந்தது அவ்வளவுதாம்மா. பதிமூணு வயசோட முடிஞ்சுபோச்சு. இன்னும் யாரும் அதை நம்ப மாட்டேங்கறீங்க."

அண்ணன் சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். அவள் அதை அங்கிருந்து எடுத்து, வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி உருட்டத் தொடங்கினாள். "எங்க போற? இரு, நானும் வரேன்," என்றான். "நீ வந்த வரைக்கும் போதும்," என்று திரும்பாமலே சொன்னாள்.

கடை வரைக்கும் முக்கால் மணி நடை. கோபம் வழியில் ஆறிவிடுமோ என்று அவளுக்கே ஒரு சந்தேகம். ஆறவில்லை.

கடைக்காரர் சேற்றைப் பார்த்ததும் கையை விரித்தார். "ஓட்டின வண்டிய நாங்க திருப்பி எடுக்கறதில்ல மேடம். சார் வரலையா?"

"சாருக்கு இங்க வேலை இல்ல. என்னைப் பாத்துப் பேசுங்க."

பையிலிருந்து டேப்பை எடுத்தாள். செருப்பில்லை, ஷூ போட்ட காலோடு சுவரில் முதுகை ஒட்டி நின்று தன் உள்கால் அளவை எடுத்தாள். அறுபத்தெட்டு சென்டிமீட்டர். அப்புறம் தரையிலிருந்து பார் கம்பி வரைக்கும். எழுபத்தொன்று.

"மூணு சென்டிமீட்டர்," என்றாள். "எங்க பட்டறையில தோள் தையல் மூணு மில்லிமீட்டர் தள்ளிப்போனா துணிய மேசையில இருந்து எடுத்துடுவோம். நீங்க மூணு சென்டிமீட்டர கண்ணால பாத்துக்கிட்டே, யாரு தரையில நிக்கிறாங்கன்னு சிரிச்சீங்க."

"உங்களுக்குச் சின்னதா வேணும்னா பசங்க வண்டி அந்தப் பக்கம் இருக்கு."

அவர் கை காட்டிய மூலையில் பூப்போட்ட மணியும் கூடையும் வைத்த சைக்கிள்கள் நின்றன. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மெக்கானிக் வந்தார். நரைக்கத் தொடங்கிய மனிதர். கை முழுக்கக் கிரீஸ். பேசாமல் பிரேக் பிடியைப் பார்த்தார். அவள் கையை வைக்கச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன ஆலன் சாவியை எடுத்துப் பிடிக்குள் இருந்த திருகை இரண்டு சுற்றுச் சுற்றினார். "இப்பப் பிடிங்க."

பிடி விரலுக்குள் வந்து உட்கார்ந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள். "ரெண்டு சுத்து?"

"அவ்வளவுதாம்மா. வித்த அன்னைக்கே செஞ்சிருக்கணும்."

இதற்கு அவள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு சுற்றைப் பார்த்ததும் இதுவரை வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்றாகிவிட்டது. மூன்று வாரம் கட்டு. மூன்று வாரம் அளவுச் சீட்டு. கண்ணுக்குத் தெரிகிற ஒரு திருகு. திருப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இந்த ஃபோர்க்கும் இவங்களுக்கு ஆகாது," என்று மெக்கானிக் முதலாளியைப் பார்க்காமல் சொன்னார். "உள்ள இருக்கறது கனத்த ஸ்பிரிங். இவங்க எடைக்கு அது அசையாது. காத்து அடிக்கிற ஃபோர்க்கா இருந்தா எடைக்குத் தக்கபடி காத்தக் குறைச்சு வெச்சுக்கலாம்."

"உன்னை யாரு கேட்டது?" என்றார் கடைக்காரர்.

"நான் கேட்டேன்," என்றாள் குண்டூசி. வாசலோரம் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மாத்தித் தர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

உட்கார்ந்தாள் என்றால் உட்கார்ந்தேவிட்டாள். பதினோரு மணி வாக்கில் கண்ணாடி போட்ட ஒரு பெண் தன் கணவரோடு உள்ளே வந்தாள். குண்டூசியைவிட நாலு விரல் உயரம் இருப்பாள். கடைக்காரர் ஒரு வண்டியை உருட்டி வந்தார். அந்தப் பெண் ஏறி, நுனிக்காலில் நின்று, "கொஞ்சம் உயரமோ?" என்றாள்.

"சீட்டை இறக்கிட்டா போதும் சார்," என்றார் கடைக்காரர், கணவரிடம்.

குண்டூசி முக்காலியை விட்டு எழுந்தாள். "அக்கா, இறங்குங்க. ரெண்டே நிமிஷம்." அந்தப் பெண் ஏன், எதற்கு என்று கேட்கும் முன்னே சுவரில் நிறுத்தி அளவெடுத்து, கம்பியையும் அளந்து, இரண்டு எண்ணையும் உரக்கச் சொன்னாள். தன் மணிக்கட்டையும் காட்டினாள். கம்பிமேல் விழுந்த கதையையும், மருத்துவரிடம் சொல்லக் கூசியதையும் சேர்த்து, ஒன்று விடாமல் கடை நடுவில் நின்று சொன்னாள். கணவர் தரையைப் பார்த்தார். அந்தப் பெண் சைக்கிளைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "நாங்க வேற இடம் பாத்துக்கறோம்," என்று வெளியே போனாள்.

கடைக்காரர் முகம் கறுத்தது. "இப்படி வியாபாரத்தக் கெடுத்தா எப்படி மேடம்?"

"எத்தனை மணிக்குக் கடை மூடுவீங்க?" என்று கேட்டாள் அவள், டேப்பைச் சுருட்டியபடி.

அடுத்து வந்தவர்கள் வாசலில் நிற்கும்போதே கடைக்காரர் இறங்கிவந்தார். மாற்றித் தருவதாகச் சொன்னார். வாய்ப்பேச்சு வேண்டாம் என்று அவள் தாளில் எழுத வைத்தாள்: கம்பி உயரம் அறுபத்துமூன்றுக்கு மேல் கூடாது, இருபத்தாறு அங்குலச் சக்கரம், காற்று ஃபோர்க், பெடலைத் தாங்கும் கை குட்டையானது. மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சொல்ல, முதலாளி எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

பத்து நாளில் வண்டி வந்தது. வந்ததும் அளந்தாள்; அறுபத்திரண்டரை. ஹேண்டில்பார் அவள் தோளுக்கு அகலம் என்று மெக்கானிக்கே சொல்லி இரண்டு முனையிலும் அறுத்துக் கொடுத்தார். இந்த முறை கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார். பார்க்கப் பிடித்துப் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

ஞாயிறன்று அதே குன்று, அதே இறக்கம். வேர் வந்தது, ஃபோர்க் அமுங்கி எழுந்தது. ஒரு திருப்பத்தில் மனசு திக்கென்றது. இரண்டு விரலால் பிரேக்கைப் பிடித்து நின்று, இரண்டு பாதத்தையும் மண்ணில் முழுசாக ஊன்றினாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கிளம்பினாள். அதற்கடுத்த திருப்பத்தில் விழவும் செய்தாள். அது அவளே செய்த தப்பு. வேகத்தைக் குறைக்காமல் போனாள். முழங்காலில் சிராய்ப்பு. மேலேயிருந்து தோழி, "என்னடி ஆச்சு?" என்று கத்தினாள். "ஒண்ணுமில்ல, என் கொழுப்பு!" என்று இவள் கீழிருந்து கத்தினாள்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு வாரமாக இருவருக்கும் பேச்சு இல்லை. குழாயை மூடிவிட்டு நின்றான்.

"எப்படிப் போச்சு?"

"போச்சு."

"அன்னைக்கு... உன்னை நிக்க வெச்சுப் பாத்திருக்கணும். என் தப்புதான்."

"ஆமா," என்றாள் குண்டூசி. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். அவளும் மனதுக்குள் தேடிப் பார்த்தாள். 'பரவாயில்ல' என்ற சொல் அங்கே இன்னும் வந்து சேர்ந்திருக்கவில்லை. ஈரத் தரையில் வழுக்காமல் சைக்கிளை அவனைத் தாண்டி உருட்டிக்கொண்டு, முழங்காலைக் கழுவ உள்ளே போனாள்.