பெரியவளுக்கு மட்டும் வந்த வழிகாட்டி

ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்திகள் இருவருக்கும் மூன்று மாத இடைவெளியில் மார்பில் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரி ஒன்று, டாக்டர் ஒருவர், ஏற்றும் மருந்தும் ஒன்றே. காப்பீடுதான் வேறு.

பெரியவள் வங்கியில் வேலை பார்ப்பவள். அவள் காப்பீட்டில் வழிகாட்டி நர்ஸ் ஒருத்தியும் சேர்த்தி. எந்த நாள் எந்த வார்டு, எந்தச் சீட்டில் யார் கையெழுத்து என்று எல்லாவற்றையும் அந்த நர்ஸ் போனிலேயே பார்த்துக்கொண்டாள். சின்னவளுக்குத் தையல் கடையில் வேலை. அவள் காப்பீடு மருந்துக்குக் கொடுக்கும், வழிகாட்டிக்குக் கொடுக்காது. இரண்டு முறை மனுப் போட்டாள். இந்தத் திட்டத்தில் இடமில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

அவள் கவுன்டர் கவுன்டராக அலைந்தாள். ஸ்கேன் அறை வாசலில், "ரத்த ரிப்போர்ட் எங்கம்மா? அது இல்லாம எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தால் பெரியவள் சோபாவில் சாய்ந்து போனில் சிரித்துக்கொண்டிருப்பாள்.

"கூடப் பொறந்தவ மாதிரி பேசறா" என்பாள், வைத்துவிட்டு.

சின்னவளுக்கு வயிறு எரியும். "நோய் வந்தாக்கூட அவங்களுக்குத்தான் ராஜ மரியாதை" என்று புருஷனிடம் பொருமினாள்.

"அண்ணியும் நோயாளிதானே?" என்றான் அவன். சின்னவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நான்காவது முறை மருந்து ஏற்றியபின் சின்னவளின் விரல் நுனிகள் மரத்துப்போயின. பட்டன் தைக்கையில் ஊசி குத்தியதே ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்று மதியம் பெரியவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் போன் அடித்தது. சின்னவள் எடுத்தாள்.

"எப்படி இருக்கீங்கம்மா? சாப்பிட முடியுதா?"

தன்னை இப்படி ஒருவர் கேட்டு எத்தனை நாளாயிற்று! அக்கா குளிக்கிறாங்க என்று சொல்ல வாயெடுத்தவள், குரலைத் தாழ்த்தி, "விரலெல்லாம் மரத்துப்போச்சுங்க" என்றாள்.

எந்த விரல், காலிலும் உண்டா, எப்போதிலிருந்து என்று நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். "டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள்.

அடுத்த வாரம் பெரியவள் ஆஸ்பத்திரியிலிருந்து கலங்கிப்போய் வந்தாள். "எனக்கு விரல் மரத்துப்போச்சாம்! இல்லன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பயத்துல மறைக்கறேங்கறாங்க. நரம்பு டெஸ்ட் எடுத்தாத்தான் மருந்து ஏத்துவாங்களாம்."

சின்னவள் தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நான்தான்க்கா சொன்னேன். உங்க போன்ல, நீங்க பேசற மாதிரி."

"என் உசிரோட விளையாடிட்டியேடி."

"உங்களுக்குக் கேக்க ஒருத்தி இருக்கா. எனக்கு யாருக்கா இருக்கா?"

பெரியவள் போனை எடுத்தாள். நர்ஸைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மறுநாளே மருந்தேற்ற ஏற்பாடாயிற்று. "அவங்களுக்காக நான் பேச எனக்கு அனுமதி இல்லம்மா. ஆனா அந்த மரத்துப்போறத அவங்க நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள் நர்ஸ்.

மறுநாள் இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். பெரியவள் நேரே உள்ளே போனாள். சின்னவள் இரண்டரை மணி நேரம் வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் அவள் மருந்தைக் குறைத்தார்.

மூன்றாவது மனுவைப் பெரியவளே எழுதிக் கொடுத்தாள். "பாசத்துல இல்ல. இனிமே என் போனை நீ தொடக் கூடாது, அதுக்குத்தான்" என்றாள். அதற்கும் இடமில்லை என்றே பதில் வந்தது.

இருவரும் பிழைத்தார்கள். சின்னவளுக்கு விரலில் உணர்வு மெல்லத் திரும்பியது. சிகிச்சை முடிந்ததற்கு வாழ்த்துச் சொல்ல நர்ஸ் கடைசியாகப் பேசிய அன்று, பெரியவள் சிரிப்பதைக் கேட்கப் பிடிக்காமல் சின்னவள் எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.