எதிர் நாற்காலி

மூன்றாவது கடையில் நான் பேச்சை எடுத்ததும் அண்டா, பொரித்த மீன் தட்டை என் பக்கம் நகர்த்தி, "ஆறிடும், முதல்ல சாப்பிடு" என்றான். காபிக் கடையிலும் இதேதான் நடந்தது. ரொட்டிக் கடையிலும் இதேதான். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு புத்தி சொல்ல முடியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

படித்த காலத்தில் விடுதியில் எல்லோரும் கை கழுவிய பிறகும் பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருப்பான் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அண்டா. இப்போது அவன் சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம். உணவுக்குழாயில் ஒரு ஆபரேஷன் ஆகி, அது ஆறி, மறுபடியும் அடைத்துக்கொண்டது. நீராகாரம் மட்டும்தான் இறங்கும். இன்னொரு ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவன் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்கிறான். அவன் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவள் போனில் அழவில்லை. "நீங்க வந்து சொன்னா கேப்பாருண்ணா" என்று மட்டும் சொன்னாள். நான் லிப்ட் பழுது பார்ப்பவன். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசி அமைதிப்படுத்திய அனுபவம் உண்டு. அந்த தைரியத்தில் லீவு போட்டுவிட்டு வந்தேன்.

வந்த மறுநாள் காலையிலேயே ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அவன் சர்வேயர். இந்த ஊரில் அவன் சங்கிலி பிடித்து அளக்காத தெரு இல்லை. எந்தச் சுவர் அரையடி ரோட்டுக்குள் வந்திருக்கிறது என்பதையும், அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன கிடைக்கும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்வான். காபிக் கொட்டையை அங்கேயே வறுக்கும் கடையில் கோப்பை மேல் குனிந்து ஆவியை நெடுநேரம் இழுத்தான். பிறகு அதை என்னிடம் தள்ளிவிட்டு, கசப்பு முதலில் தெரிகிறதா, விழுங்கிய பிறகு தெரிகிறதா என்று கேட்டான். காபி மாதிரி இருக்கிறது என்றேன். உன்னை மாதிரி ஆளுக்கு வெந்நீர் போதும் என்று தலையில் அடித்துக்கொண்டான். ரொட்டிக் கடையில் இரண்டு தட்டு சொன்னான். என் தட்டு காலியானதும், பரிமாறுகிறவர் திரும்பிய நேரம் பார்த்து, தட்டுகளை மாற்றி வைத்தான். இரண்டையும் நான்தான் தின்றேன். நடுவில் தங்கச்சி போன் செய்து, பையில் வைத்த கஞ்சியைக் குடித்தாரா என்று கேட்டாள். குடித்தான் என்று பொய் சொன்னேன். அவன் தோள் பையை இன்னும் திறக்கவே இல்லை.

மீன் முடிந்தபோது வயிறு முட்டிவிட்டது. அதைவிட எரிச்சல் முட்டிக்கொண்டு நின்றது. ஊமை போலத் தின்னவா இவ்வளவு தூரம் வந்தேன்? அடுத்து அவன் கூட்டிப்போன இடம் ஒரு பார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே தரையில் கிடந்தது. பாதி மேசைகளில் நாற்காலிகளை இன்னும் கவிழ்த்தே வைத்திருந்தார்கள். அவன் இரண்டு பீரும் ஒரு தட்டு வறுத்த கறியும் சொன்னான். கறி வந்தது. நான் தட்டை அவன் பக்கமே தள்ளினேன்.

"இனிமே ஒரு வாய் தின்ன மாட்டேன். எப்ப ஆஸ்பத்திரிக்குப் போற, சொல்லு."

அவன் பீர் நுரையை விரலால் தொட்டு உதட்டில் தடவிக்கொண்டான்.

"அவ சொல்லி அனுப்பினாளா?"

"யார் சொன்னா என்னடா? இருக்கிற ஒரு உயிரை வச்சுக்கிட்டு வீம்பு பண்ற. தங்கச்சி முகத்தைப் பாத்தியா?"

அவன் கறித்துண்டு ஒன்றை முள்கரண்டியில் குத்தி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி சொன்னான்.

"எங்க வீட்ல இப்ப யாரும் சாப்பிடறதில்ல, தெரியுமா? அவ சமையக்கட்டுல கதவைச் சாத்திக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்பிடறா. எம் பொண்ணும் வெளியவே சாப்பிட்டு முடிச்சுட்டு வந்துடுது. தாளிக்கிற சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு. நான் இன்னும் சாகல. அதுக்குள்ள எழவு வீடு மாதிரி ஆக்கிட்டாங்க. இன்னொரு தடவை வெட்டினா வயித்துல குழாய் வைப்பாங்களாம். அப்புறம் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போய்த்தான் சாப்பிடுவாங்க."

லிப்டுக்குள் இருப்பவர்களிடம் பேசும் நிதானக் குரலை வரவழைக்கப் பார்த்தேன். ஆனால் அவன் மேல் இருந்த கோபம் இறங்கவில்லை. இதற்காக ஒருவன் சாவானா? இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வாய் இல்லையா? கேட்டேன். "சொன்னா அழுவா" என்றான். அவ்வளவுதான் பதில். எத்தனை விதமாகக் கேட்டும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கறி அப்படியே ஆறிப்போனது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் தங்கச்சி என் கண்ணைத்தான் பார்த்தாள். என்னிடம் அவளுக்குத் தர ஒன்றுமில்லை. தொண்டை வரை சாப்பாடு நின்றது. கூடத்தில் சாப்பாட்டு மேசை மேல் துவைத்த துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. அவற்றை எடுத்து நாற்காலியில் வைத்தேன்.

"பசிக்குதும்மா. ரெண்டு தட்டு கொண்டா. நீயும் உக்காரு."

அவள் கணவனைப் பார்த்தாள். சமையலறைக் கதவைப் பார்த்தாள். அங்கேயே எடுத்து வைத்துவிடுகிறேன் அண்ணா என்று மெல்லச் சொன்னாள். இங்கேதான் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அண்டா எங்களுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

சூடான சோறு. நான் முதல் உருண்டையை வாயில் வைத்தேன். அது இறங்க மறுத்தது. பக்கத்தில் அவள் சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு தலையைக் குனிந்து ஒரு வாய் வைத்தாள். எதிரே அவன் இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது.